மருந்துப் பெட்டியில் மந்திரியின் முகம்

நாலு பக்கமும் மலையும் நடுவில் பெரிய ஏரியுமாக வெண்குடை நாடு என்றொரு நாடு இருந்தது. அது எந்தத் திசையில் என்று யாரும் தேடிப் போக வேண்டாம். போனவர்கள் எல்லாம் தங்கள் ஊருக்கே வந்து சேர்ந்ததாகக் கேள்வி. அந்த நாட்டை ஒரு நல்ல ராஜா ஆண்டார். அவர் நல்லவர்தான் என்பதை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் வைத்து உறுதிசெய்துகொள்வார்கள். மந்திரிகள் போட்டியிட்டு ஜெயிப்பார்கள், ராஜா ஜெயித்ததாகக் கணக்கு.

ஏரியைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் கரைக்காரர்கள். ஏரிக்குள்ளே கோரை மண்டிய திட்டுகளில் குடிசை போட்டு மீன் பிடித்தவர்கள் ஏரிக்காரர்கள். இவர்களுக்குத் தனிப் பேச்சு, தனிச் சாமி. பிள்ளைகளுக்கு மீன் பெயர்தான் வைப்பார்கள். கரைப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர்களைச் சிரிக்காமல் கூப்பிட்ட வாத்தியார் ஒருவர்கூட இல்லை. 'ஏரிக்காரரும் நம் மக்களே' என்று அரண்மனை முற்றத்தில் பெரிய கல்வெட்டு நட்டிருந்தார்கள். முற்றத்துக்குள் ஏரிக்காரர்களை விடுவதில்லை என்பதால் அவர்களுக்கு இந்த விஷயம் தெரியாது.

உளுவை ஏரிக்காரி, ஓடம் ஓட்டுகிறவள். சந்தைக்கும் திட்டுகளுக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கியே இரண்டு பேச்சும் அவளுக்குப் படிந்திருந்தது. அதனால் அரசாங்கம் அவளை மொழிபெயர்ப்பாளராக நியமித்தது. தரையில் நிற்கும்போது மொழிபெயர்ப்பாளர், படகில் ஏறிவிட்டால் ஓடக்காரி என்று நியமன ஆணையிலேயே தெளிவாக எழுதியிருந்தது.

போன மழைக்கு வந்த ஊதாக் காய்ச்சலில் அவள் புருஷன் போய்விட்டான். மழை பிடித்த மறுவாரம் வரும் காய்ச்சல் அது. முதல் நாள் உடம்பு கொதிக்கும், இரண்டாம் நாள் உதடு ஊதாவாகும், மூன்றாம் நாளைப் பலபேர் பார்ப்பதில்லை. உளுவைக்கு மிஞ்சியது ஆறு வயது மகள் அயிரை மட்டும்தான். இந்த மழையைத் தாண்டி அயிரையைக் கரைசேர்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

அந்த வருஷம் காய்ச்சலுக்குத் தடுப்பு ஊசி வந்தது. நல்ல மருந்து, அதில் சந்தேகமே இல்லை. நாற்பது நாள் இடைவெளியில் இரண்டு ஊசி போட வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் பலன் நிற்காது. மருந்துப் புட்டிகளை ஈர வைக்கோலில் பொதிந்து மரப்பெட்டிகளில் அனுப்பினார்கள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஆரோக்கிய மந்திரி சர்வமங்கள பூபதியின் முகத்தை வண்ணத்தில் தீட்டி, 'உங்களுக்காக நான் வழங்குவது' என்று எழுதியிருந்தார்கள். மருந்தின் பெயரைப் போட இடம் போதவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது கரையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஊசி போட்டிருந்தார்கள். ஏரியில் நூற்றுக்கு ஆறு பேர். பக்கத்து நாட்டுத் தூதர் இதைக் கேட்டு உதட்டோரம் சிரித்துவிட்டார். ராஜாவுக்குச் சுருக்கென்றது.

"ஏன் இந்த வித்தியாசம்?" என்று அவர் சபையில் கேட்டார்.

"மிக ஆழமான கேள்வி, மகாராஜா" என்றார் பூபதி. "இதற்கு அறிஞர் குழு ஒன்றை அமைப்பதே முறை."

ஒன்பது அறிஞர்கள் கூடினார்கள். படகு ஏறினால் குமட்டும் என்பதால் ஏரிக்கு யாரும் போகவில்லை. 'ஏரிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரில் வாழ்பவர்கள். ஆகவே அவர்கள் மனமும் நீர்த்தன்மை கொண்டது. நீரில் எழுதியது நிற்காதது போல அவர்கள் மனத்தில் அறிவுரை நிற்பதில்லை' என்று அறிக்கை கொடுத்தார்கள். சபை எழுந்து நின்று கைதட்டியது.

அறிக்கையின்படி முதல் ஆணை பிறந்தது: கையில் ஊசித் தழும்பு இல்லாதவர் கரைச் சந்தையில் மீன் விற்கக் கூடாது. பிடித்த மீன் திட்டுகளில் அழுகி நாறியது. ஒரு வேளைச் சோறு பாதி வேளையானது. அப்போதும் யாரும் ஊசிக்கு வரவில்லை என்றதும் இரண்டாவது ஆணை வந்தது: இனிமேல் ஊசி முகாம், மக்களின் வசதிக்காக, காவல்படையின் படகுச் சாவடியில் நடக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் மானியம் தருகிறோம் என்று சொல்லி ஏரிக்காரர்களின் படகுகளுக்கு எண் போட்டு, அடுத்த மாதமே எண் போட்ட படகுகளை இழுத்துக்கொண்டு போய்க் கட்டி வைத்த சாவடி அது. அந்தப் படகுகள் இன்னும் அங்கேயே மக்கிக்கொண்டிருந்தன. அதற்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, பெயர் எழுத வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். நூற்றுக்கு ஆறு என்பது அதற்குமேல் நகரவேயில்லை.

இத்தனை நடந்தும், ஏன் வரவில்லை என்று ஏரிக்காரர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் கேட்டது முகாம் வைத்தியர் நன்னன்தான். நல்ல மனுஷன், கொஞ்சம் பயந்த சுபாவம். அதுவும் சும்மா வாய்ப்பேச்சாகத்தான் உளுவையிடம் கேட்டார்.

"ஐயா, எங்க சனத்துல ஒரு வழக்கம் இருக்கு" என்றாள் உளுவை. "யாரு எதக் குடுத்தாலும், குடுக்கறவங்க மொதல்ல ஒரு வாய் தின்னு காட்டணும். பெத்த தாயானாலும் அப்படித்தான், புள்ளைக்கு ஊட்டுறதுக்கு முன்னாடி அவ ஒரு வாய் வெக்கணும். முன்வாய்னு சொல்லுவோம். அது இல்லாம எங்காளுங்க பச்சத்தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டாங்க. நானே எம் புள்ளைய இன்னும் கூட்டிட்டு வரல, சனம் ஒதுக்கி வெச்சுடும்."

"இவ்வளவுதானா?" என்று நன்னனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மறுநாளே பெரிய திட்டுக்குப் போய், ஏரிக்காரர்களின் தலைவர் கெளுத்தியின் எதிரில் தன் கையில் தானே ஊசி போட்டுக்கொண்டார். கெளுத்தி அதைப் பொறுமையாகப் பார்த்தார்.

"சந்தோசம் தம்பி. ஆனா குடுக்கறது நீ இல்லியே. நீ தூக்கிட்டு வந்தவன்" என்றார். "இந்தப் பொட்டியில மூஞ்சி போட்டிருக்கே, அவரு தான குடுக்கறாரு? நாந்தான் குடுக்கறேன்னு எழுத்துலயே போட்டிருக்குன்னு உளுவ படிச்சுச் சொன்னா. அவரு வரட்டும். எங்க கண்ணு முன்னாடி முன்வாய் வெக்கட்டும். மறுநிமிசம் நாங்க கைய நீட்டுறோம்."

நன்னன் இதைத் தலைநகருக்கு எழுதினார். முதல் பதிலாக, மந்திரி ஊசி போட்டுக்கொள்வது போல வரைந்த ஆளுயர ஓவியம் ஒன்று வந்தது. கெளுத்தி அதை உற்றுப் பார்த்துவிட்டு, படம் சோறு தின்னுமா என்று கேட்டார். இரண்டாவது பதிலாக ஒரு குதிரை வந்தது. அதற்கு மந்திரியின் பெயரையே சூட்டி, அரசு முத்திரையோடு ஊசி போட்டு, சட்டப்படி அது மந்திரிக்குச் சமம் என்று சான்றிதழும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். படகில் ஏற மறுத்த குதிரை, தண்ணீரைப் பார்த்துக் கனைத்துவிட்டுத் திரும்பியது. மூன்றாவது பதில் பூபதி கைப்பட எழுதியது: 'இந்த நாட்டிலேயே முதல் ஊசியைப் போட்டுக்கொண்டவன் நான். அதை ஊர் அறியும். மறுபடி நிரூபிப்பது என் பதவிக்கு இழுக்கு.'

அதற்குள் தேர்தல் நெருங்கிவிட்டது. "நீரே போய் வாரும்" என்று ராஜா சொல்லிவிட்டார். பூபதி கிளம்பினார்.

உளுவையின் படகில்தான் அவரை ஏற்றினார்கள். கூட அவருடைய செயலர் அம்பலவாணர் மட்டும். நன்னனும் பெட்டிகளும் முன்னால் வேறு படகில் போய்விட்டார்கள். பாதி ஏரி தாண்டியதும் செயலர் இடுப்புப் பையிலிருந்து ஒரு காலிப் புட்டியை எடுத்தார். மந்திரி குடிப்பதற்குக் கொண்டுவந்திருந்த வெள்ளிக் கூஜாவைச் சாய்த்து, அதிலிருந்த தண்ணீரைப் புட்டியில் ஊற்றி மூடினார்.

"நன்றாகக் கொதிக்கவைத்த நீர்தானே?" என்று கேட்டார் பூபதி.

"மூன்று முறை கொதிக்கவைத்தது, பிரபு. ஆனாலும் அடியேனுக்கு ஒரு யோசனை. உண்மையான மருந்தையே போட்டுக்கொண்டால் தங்களுக்கும் நல்லதல்லவா? தாங்கள் இதுவரை..."

"அம்பலவாணரே, அந்த ஊசி போட்டால் ஒரு நாள் உடம்பு காயும். தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கிறது. போர்வைக்குள் படுத்திருக்கும் மந்திரிக்கு எவன் ஓட்டுப் போடுவான்? அதெல்லாம் மக்களுக்கான மருந்து."

செயலர் உளுவையைக் கண்ணால் காட்டினார். "இவளுக்கு நம் மொழி தெரியுமே, பிரபு."

"படகில் இவள் ஓடக்காரி" என்றார் பூபதி. "ஆணையைப் படித்துப் பாரும்."

உளுவை துடுப்பைப் போட்டுக்கொண்டே இருந்தாள். படகைக் கவிழ்த்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு யோசித்தாள். இந்த ஆள் போட்டுக்கொள்வது தண்ணீர்தான். ஆனால் பெட்டிகளில் இருப்பது நிஜமான மருந்து. புட்டிகளின் அரக்கு முத்திரையை அவள்தான் தினமும் பார்க்கிறாள். வாயைத் திறந்தால் சனம் கையை நீட்டாது, அயிரைக்கும் ஊசி கிடையாது. ஒரு பொய் ஆயிரம் உயிரைக் காப்பாற்றுமென்றால் காப்பாற்றிவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தாள். அவள் இடத்தில் எந்தத் தாய் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

பெரிய திட்டில் ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். பூபதி பட்டுச் சட்டையின் கையை மடித்தார். செயலர் நீட்டிய புட்டியை நன்னன் வாங்கி, ஒரு கணம் தயங்கி, ஊசியில் ஏற்றினார். 'நான் கொடுப்பதை நானே முதலில் எடுத்துக்கொள்கிறேன்' என்று மந்திரி கம்பீரமாகச் சொன்னார். உளுவை அதை ஒரு சொல் குறையாமல் தன் சனத்துக்குச் சொன்னாள். சொல்லும்போது குரல் கம்மியதை, ஆனந்தத்தில் கம்மியது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கெளுத்தி சொன்ன வாக்குத் தவறவில்லை. முதல் ஆளாகக் கையை நீட்டினார். இரண்டாவது அயிரை. மூன்று நாளில் திட்டுகளில் கைக்குழந்தை தவிர எல்லோருக்கும் ஊசி போட்டாகிவிட்டது. தலைநகரில் வாணவேடிக்கை விட்டார்கள். நீர்த்தன்மை கொண்ட மனத்தையும் உறையவைக்கலாம் என்று அறிஞர் குழு இன்னொரு அறிக்கை எழுதியது. பூபதி தேர்தலில் அமோகமாக ஜெயித்தார்.

இரண்டாவது ஊசிக்கு ஏழு நாள் இருக்கும்போது பூபதி செத்துப்போனார். மலைப்பக்கம் மழை முந்திக்கொண்டுவிட்டது. அங்கே வெற்றி விழாவுக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் காலையில் முடிந்துவிட்டது. 'ஓயாத உழைப்பால் இதயம் களைத்து' என்று அரசாங்கம் அறிவித்தது. அதோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கும். ஏரிக்காரர்களுக்காக உயிரைக் கொடுத்து உழைத்தவர் அல்லவா, அவர்கள் இறுதி மரியாதை செலுத்தாவிட்டால் எப்படி என்று சபை உருகியது. பிணத்தை அலங்காரப் படகில் சாய்த்து உட்காரவைத்து, முகத்தைத் திறந்தபடி திட்டு திட்டாகக் கொண்டுபோக வேண்டும் என்று ஆணை போட்டார்கள். எத்தனை சந்தனம் அப்பியும் உதடு மறையவில்லை. அத்தனை திட்டும் அந்த ஊதா உதட்டைப் பார்த்தது.

முன்வாய் வைத்தவர் செத்தால் அந்தச் சோற்றை ஏரிக்காரர்கள் தொடுவார்களா? நாற்பதாம் நாள் முகாமுக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை.

உளுவை மட்டும் அயிரையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு முகாம் பெரிய திட்டின் ஓரத்தில், ஒரு கீற்றுப் பந்தலில். நன்னன் மேசைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். அரக்கு உடைக்காத பெட்டி பக்கத்தில் இருந்தது.

"ஐயா, புள்ளைக்குப் போட்டுடுங்க."

நன்னன் தலையைத் தூக்கவில்லை. "போன வாரம் புது ஆணை வந்தது, உளுவை. ஒரு புட்டியில் இருபது பேருக்கான மருந்து. திறந்தால் அன்று சாயங்காலமே கெட்டுவிடும். அதனால் இருபது பேர் வராமல் புட்டியைத் திறக்கக் கூடாது. மருந்தை வீணாக்கினால் தேசத்துரோகம்."

"யாரும் வரலியே ஐயா. அத்தனையும் வீணாத்தான போகப்போவுது?"

"திறக்காமல் வீணானால் அது வீண் கணக்கில் வராது." சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. "நேற்று வடகரையில் மூன்று பேருக்காகத் திறந்த வைத்தியரைச் சங்கிலி போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நீயும் மகளுமாக இரண்டு பேர். இன்னும் பதினெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வா, இப்போதே போடுகிறேன்."

உளுவை மேசைப் பக்கம் குனிந்தாள். "அந்த ஆளுக்குப் போட்டது மருந்து இல்லீங்கையா. தண்ணி. நான் கண்ணால பாத்தேன். நீங்க வந்து எங்காளுங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, நம்புவாங்க."

நன்னன் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். ஆனால் அவர் ஆச்சரியப்படவில்லை. "அந்தப் புட்டியில் அரக்கு இல்லை என்பதை நானும் பார்த்தேன்" என்றார் மெதுவாக. "கேட்கும் இடத்தில் நான் இல்லை. மந்திரிக்குச் சிலை வைக்கப் போகிறார்கள், உளுவை. தடுப்பூசித் தியாகி என்று. நான் இதை எப்படி வாய்விட்டுச் சொல்ல முடியும்?"

உளுவை மகளை இழுத்துக்கொண்டு கெளுத்தியின் வாசலுக்கு ஓடினாள். அங்கே முப்பது நாற்பது பேர் வலைகளை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அவள் அண்ணன் விரால், அண்ணி, மூன்று பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுக்காரி எல்லோரும் இருந்தார்கள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். கூஜாவைச் சொன்னாள், புட்டியைச் சொன்னாள், படகில் அவர்கள் பேசியதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"மருந்தால அவரு சாவல. மருந்து போடாததால செத்தாரு. புரியுதா? நமக்குப் போட்டது நெசமான மருந்து. இன்னும் ஒண்ணு போட்டாத்தான் நிக்கும். பதினெட்டுப் பேரு வாங்க போதும். உங்க கால்ல வுழறேன்."

விரால்தான் முதலில் பேசினான். "அந்தாளு முன்வாய் வெக்கறப்ப, அது தண்ணின்னு உனக்குத் தெரியும்?"

"தெரியும்ண்ணா."

"தெரிஞ்சே எங்கிட்ட வந்து, அவரு எடுத்துக்கறாரு பாருங்கன்னு சொன்ன?"

"அயிரைக்காகச் சொன்னேன். உன் புள்ளைங்களுக்காகவுந்தான் சொன்னேன்."

கெளுத்தி கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் உளுவைக்குத் தாங்கவில்லை.

"அம்மாடி, நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும்" என்றார். "அவருக்குப் போட்டது மருந்து இல்ல, வேற என்னமோ. சரி. அப்ப எங்களுக்குப் போட்டது மருந்துதான்னு யாரு சொல்றா?"

"நான் சொல்றேன்."

"நீயா?" என்றார் கெளுத்தி.

அவர் வலையை மறுபடி கையில் எடுத்தார். விரால் தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு உள்ளே போகச் சொன்னான். பக்கத்து வீட்டுக்காரி கைக்குழந்தையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அந்தச் சனத்தில் பிறந்து வளர்ந்தவள் அந்த வாசலில் நின்று அழுதாள்.

பொழுது சாயும்முன் பெட்டியைக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஓடக்காரி அவள்தான். மகளைத் தனியே விட்டுவர இப்போது ஒரு வீடும் இல்லை என்பதால் அயிரையையும் படகில் ஏற்றிக்கொண்டாள். நன்னன் பெட்டியை நடுவில் வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தை விரித்தார்.

"இதை நிரப்பாமல் கரை ஏற முடியாது" என்றார் தயக்கத்தோடு. "ஊசி போட மறுத்த காரணம். அறியாமை, மூடநம்பிக்கை, பிடிவாதம். இந்த மூன்றில் ஒன்றை நீ சொல்ல வேண்டும்."

"நாலாவது ஒண்ணு இல்லீங்களா ஐயா?"

நன்னன் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "இல்லை."

உளுவை துடுப்பைப் போட்டாள். நன்னன் சற்றுக் காத்திருந்துவிட்டு, நடுவில் இருந்ததில் ஒரு கோடு போட்டு மடித்து வைத்தார். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.

"அம்மா, இந்தப் பொட்டிய எங்க கொண்டு போறோம்?" என்று கேட்டாள் அயிரை.

உளுவை வாயைத் திறக்கும்முன் மழை பிடித்துக்கொண்டது, ஏரிப்பக்கம் அந்த வருஷத்தின் முதல் மழை. நன்னன் பதறிப்போய்த் தன் மேல்துண்டை உருவி, ஒரு சொட்டும் படாதபடி மருந்துப் பெட்டியைச் சுற்றிப் போர்த்தினார். பக்கத்தில் அயிரை நனைந்துகொண்டிருந்தாள்.